கேம் இழுபடுகிறதா? கார்ட் வாங்குமுன் இதைப் பாருங்கள்

ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும் நேரத்தில் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளையின்ர கொம்பியூட்டர் காணாதாம். கேம் இழுக்குதாம். புது கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு வேணுமாம், அறுநூறு டொலர் சொல்லுறான். வாங்கிக் குடுக்கலாமோ?" பக்கத்தில் நிற்கும் தம்பி நிலத்தைப் பார்ப்பான். "எந்நேரமும் விளையாடித்தான் அது பழுதாப் போச்சு" என்பார் தகப்பன். "அப்பா மலிவானதை வாங்கினதுதான் பிழை" என்று தம்பி வாய்க்குள் முணுமுணுப்பான்.

இருவர் சொல்வதும் பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. கேம் விளையாடுவதற்கென்றே செய்த கணினி, கேம் விளையாடியதால் மட்டும் கெட்டுப்போவது அரிது. மலிவான கணினிதான் காரணம் என்றால் அது வாங்கிய முதல் நாளே இழுபட்டிருக்க வேண்டும். போன வருடம் நன்றாக ஓடிய அதே கேம் இந்த வருடம் ஓடவில்லை என்றால் இடையில் ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று பார்க்காமல் அறுநூறு டொலரைக் கொடுத்தால், நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்றாகலாம். இரட்டை வேலை செய்து குடும்பம் நடத்தும் வீடுகளில் அறுநூறு டொலர் என்பது எத்தனை இரவு வேலை என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

பகலும் இரவுமாக வார்ட்டில் நிற்கும் தாதியர் நாங்கள். ஒருவர் "ஏலாமல் கிடக்கு" என்று சொன்னவுடன் யாரும் மருந்து அலுமாரியைத் திறப்பதில்லை. வெப்பநிலை, நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், ஒட்சிசன் எல்லாவற்றையும் எடுத்து எழுதுகிறோம். எப்போதிருந்து, எதைச் செய்யும்போது என்று கேட்கிறோம். அதற்குப் பிறகுதான் வைத்தியருக்கு அழைப்பு. வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளின் கணினிகளையும் நாங்கள் இதே ஒழுங்கில்தான் பார்த்து வருகிறோம். அரை மணி நேரமும் ஒரு தாளும் பேனையும் இருந்தால் நீங்களும் செய்யலாம்.

எந்த வருத்தம்?

"இழுக்குது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வருத்தங்கள் இருக்கின்றன. முதலாவது, படம் தொடக்கம் முதல் முடிவு வரை மெதுவாக ஓடுவது. இரண்டாவது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் படம் இடையிடையே ஒரு கணம் விக்கி நிற்பது. மூன்றாவது, படம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் நீங்கள் சுட்டது படாது, எதிராளி ஓரிடத்தில் நின்றபடி மறைந்து இன்னோரிடத்தில் தோன்றுவான்.

இந்த மூன்றாவது இணையத்தின் வருத்தம். உலகிலேயே விலை கூடிய கிராபிக்ஸ் கார்டைப் போட்டாலும் மாறாது. எங்கள் வீடுகளில் ரவுட்டர் மேல்மாடியில் இருக்கும், பிள்ளையின் கணினி நிலவறையில் இருக்கும். இடையில் இரண்டு தளங்கள், வெப்பக்காற்றுக் குழாய்கள், சலவை இயந்திரம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தால் அம்மா மைக்ரோவேவில் சோறு சூடாக்கும்போதுகூடத் தடங்கலாம், ஏனென்றால் மைக்ரோவேவும் ஏறத்தாழ அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. யாராவது போனில் இருக்கும் கலியாண வீடியோக்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தாலும் கேமின் சிறிய தரவுப் பொதிகள் வரிசையில் காத்து நிற்கும். ஒரு நீளமான நெட்வேர்க் கேபிளை ரவுட்டரில் இருந்து நேராகக் கணினிக்கு இழுத்து ஒரு மாலை விளையாடிப் பாருங்கள். சரியாகிவிட்டால் இந்தக் கட்டுரையின் மிச்சத்தை நீங்கள் வாசிக்கத் தேவையில்லை.

மற்ற இரண்டையும் பிரித்தறிய ஒரு சின்னக் கணக்கு வேண்டும். கேம் என்பது ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும் படங்கள். ஒரு விநாடியில் எத்தனை படம் என்பதைத்தான் எஃப்.பி.எஸ். என்கிறார்கள். விநாடிக்கு 60 என்றால் ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கணினிக்கு ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி கிடைக்கிறது. 144 என்றால் 7 மில்லிவிநாடிகூட இல்லை. ஐம்பத்தொன்பது படங்கள் 15 மில்லிவிநாடியில் வந்து, அறுபதாவது மட்டும் 100 மில்லிவிநாடி எடுத்தால் சராசரி பார்க்க அழகாகத்தான் இருக்கும். கண்ணுக்கோ விக்கல் தெரியும். ஆகவே சராசரியை மட்டும் பார்த்து "எல்லாம் சரி" என்று சொல்லிவிடக்கூடாது. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பேர்னர் போன்ற இலவச அளவுக் கருவிகள் "1 சதவீதக் குறைவு" என்று இன்னொரு எண்ணையும் காட்டும். மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு படங்களின் வேகம் அது. சராசரி 90, அந்த எண் 20 என்றால் உங்கள் வருத்தம் விக்கல்.

பிறகு நாங்கள் கேட்கும் கேள்விகள். இவற்றுக்கு வரும் பதில்களிலேயே பாதி வேலை முடிந்துவிடும். கேம் தொடங்கிய நிமிடத்திலிருந்தே மெதுவா, அல்லது பத்து இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகா? பிறகுதான் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெப்பம். எல்லாக் கேமிலுமா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் கணினியைக் குற்றம் சொல்வதற்குமுன் அந்தக் கேமின் அமைப்புகளைப் பார்க்க வேண்டும். புதிய இடத்துக்குள் நுழையும்போது மட்டும் விக்குகிறதா? அப்படியானால் தட்டு மெதுவாக இருக்கலாம், அல்லது கேம் தன் ஷேடர்களை அப்போதுதான் தயாரித்துக்கொண்டிருக்கலாம். ஷேடர் என்பது ஒளியும் நிறமும் எப்படி விழ வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல். கிராபிக்ஸ் ட்ரைவரைப் புதுப்பித்தால் பல கேம்கள் அவற்றை மீண்டும் முதலிலிருந்து தயாரிக்கும். தொடக்கத் திரையில் "ஷேடர் தயாராகிறது" என்று ஒரு கோடு மெல்ல நகர்ந்தால் அது முடியும்வரை பொறுங்கள். பொறுக்காமல் உள்ளே போகிறவர்கள்தான் "நேற்று அப்டேட் போட்டதும் கேம் நாசமாப் போச்சு" என்று எங்களிடம் வருகிறார்கள்.

கடைசிக் கேள்வி: நன்றாக இருந்த கடைசி நாளுக்கும் இன்றைக்கும் இடையில் என்ன செய்தீர்கள்? புதிய மொனிட்டர், புதிய ட்ரைவர், அறை மாற்றம், பெட்டியை மேசைக்குக் கீழே தள்ளியது, எதுவானாலும் சொல்லுங்கள். பிள்ளைகள் "ஒண்டும் செய்யேல்லை" என்பார்கள். வார்ட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். இன்னொருமுறை கேட்க வேண்டும்.

பெட்டியைத் திறக்குமுன்

பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். மொனிட்டரில் இருந்து வரும் கேபிள் எங்கே குத்தப்பட்டிருக்கிறது? மேலே யு.எஸ்.பி. துளைகளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் துளையில் என்றால் அது மதர்போர்ட்டின் துளை. கிராபிக்ஸ் கார்டின் துளைகள் அதற்குக் கீழே, படுக்கையாக இருக்கும். மதர்போர்ட்டில் குத்தியிருந்தால் புரொசஸருக்குள் இருக்கும் சின்னக் கிராபிக்ஸ்தான் பெரும்பாலும் வேலை செய்யும். காசு கொடுத்து வாங்கிய கார்ட் சும்மா குளிர் காய்ந்துகொண்டிருக்கும். வீடு மாறியபோது, கம்பளம் கழுவியபோது, யாரோ உதவிக்கு மாட்டிவிட்டபோது இது நடந்திருக்கும். சிரிக்க வேண்டாம், இப்படி எத்தனையோ வீட்டில் இருக்கிறது.

அடுத்தது மொனிட்டர். 144 ஹெர்ட்ஸ் என்று வாங்கிய மொனிட்டரை விண்டோஸ் 60 ஹெர்ட்ஸில் வைத்திருக்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று போனால் தெரியும். அங்கே 144 தெரிவே இல்லை என்றால் கேபிள் பழசாக இருக்கலாம். கேமுக்குள்ளும் ட்ரைவரின் அமைப்புப் பக்கத்திலும் யாராவது எஃப்.பி.எஸ். எல்லையை 30 அல்லது 60 என்று பூட்டி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். எண் எப்போதும் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் அது பலவீனம் அல்ல, பூட்டு.

யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

கேமில் ஒரு படம் உருவாக இருவர் உழைக்கிறார்கள். யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே விழுந்தது, சுவருக்குப் பின்னால் என்ன என்று கணக்குப் பார்ப்பது புரொசஸர். அந்தக் கணக்கை வாங்கி வரைவது கிராபிக்ஸ் கார்ட். ஒருவர் தாமதித்தால் மற்றவர் காத்து நிற்பார். தாமதிப்பவர் யார் என்று தெரியாமல் காத்து நிற்பவரை வேலையால் நீக்கிப் புதியவரை எடுத்தால் என்ன நடக்கும்? புதியவரும் காத்து நிற்பார். அறுநூறு டொலர் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோர்மன்ஸ் பக்கம். கேம் ஓடி இழுபடும் நேரத்தில் பார்க்க வேண்டும், கேமை மூடிவிட்டுப் பார்த்துப் பயனில்லை. கிராபிக்ஸ் கார்ட் 95 முதல் 99 சதவீதம் காட்டினால் பலர் பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கார்ட் தன் முழுப் பலத்தோடு உழைக்கிறது, புரொசஸர் அதற்குக் குறைவில்லாமல் வேலை கொடுக்கிறது என்று அர்த்தம். கேமில் அப்படித்தான் இருக்க வேண்டும். எஃப்.பி.எஸ். குறைவு, பூட்டும் இல்லை, ஆனால் கார்ட் 40, 50 சதவீதத்தில் நிற்கிறது என்றால்தான் கேள்வி. அது எதற்காகவோ காத்திருக்கிறது.

அப்போது புரொசஸரைப் பார்ப்பீர்கள். அது 25 சதவீதம்தான் காட்டும். "இரண்டும் சும்மா இருக்கு, பிறகேன் இழுக்குது?" என்று தம்பிமார் குழம்புவது இங்கேதான். சபை விருந்துச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். எட்டுப் பேர் நிற்கிறார்கள், ஆனால் வடை சுடத் தெரிந்தவர் ஒரே ஒரு அன்ரிதான். அவர் வியர்த்து விறுவிறுத்துச் சுடுகிறார். மற்ற ஏழு பேரும் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள். சமையலறையின் சராசரி உழைப்பு குறைவுதான், ஆனாலும் வடை அதைவிட வேகமாக வெளியே வராது. பல கேம்களில் ஒரு முக்கிய வேலை ஒரே கோரில் ஓடுகிறது. புரொசஸர் வரைபடத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, லொஜிக்கல் புரொசஸர்களைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு கட்டங்கள் உச்சியிலும் மற்றவை தரையிலும் இருந்தால் வடை சுடும் அன்ரியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். விண்டோஸ் அந்த வேலையைக் கோர்களுக்கிடையில் மாற்றி மாற்றிக் கொடுப்பதால் இது எப்போதும் தெளிவாகத் தெரியாது. அதற்காக இன்னொரு சோதனை இருக்கிறது. எங்களுக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

கேமின் திரை அளவைக் குறையுங்கள். 1920 க்கு 1080 என்றால் ஒரு படத்தில் 20 இலட்சத்துக்குச் சற்று மேலான புள்ளிகள். 4கே திரையில் 83 இலட்சத்தை ஒட்டி, சரியாக நான்கு மடங்கு. புள்ளிகளை வரைவது கார்டின் வேலை. புரொசஸருக்கு அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே அளவை 1280 க்கு 720 ஆக இறக்கி, கேமில் அதே இடத்தில் நின்று எண்ணைப் பாருங்கள். எஃப்.பி.எஸ். நன்றாக ஏறினால் தடை கார்டில் இருந்தது. அசையாமல் அதே எண்ணில் நின்றால் தடை வேறு பக்கத்தில். அப்படி இருந்தால் புதிய கார்ட் எதையும் மாற்றாது. ஐந்து நிமிடச் சோதனை, ஒரு சதம் செலவில்லை.

இந்த விடை தெரிந்தால் கேமின் அமைப்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு குறைக்க வேண்டியதில்லை. கார்ட் தடை என்றால் ரே ட்ரேசிங்கை நிறுத்துங்கள், நிழல்களைக் குறையுங்கள், டி.எல்.எஸ்.எஸ். அல்லது எஃப்.எஸ்.ஆர். இருந்தால் போடுங்கள். புரொசஸர் தடை என்றால் டி.எல்.எஸ்.எஸ்., எஃப்.எஸ்.ஆர். போன்றவை பெரும்பாலும் பெரிதாக உதவாது. கூட்டத்தின் எண்ணிக்கை, எவ்வளவு தூரம்வரை தெரிய வேண்டும் என்ற அமைப்பு, இவற்றைத்தான் குறைக்க வேண்டும். டெக்ஸ்சர் வேறு கதை. அது கார்டில் இருக்கும் நினைவகத்தை நிரப்புகிறது. 8 கிகாபைட் கார்டில் இன்றைய பெரிய கேமை உச்ச டெக்ஸ்சரில் ஓட்டினால் நினைவகம் வழிந்து, தரவு மெதுவான ராமுக்குப் போய்வரத் தொடங்கும். அப்போதும் விக்கல் வரும். ஒரு படி இறக்கினால் போதும், கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அருமை.

காய்ச்சல்

எங்கள் சபைப் பையன் ஒருவனின் கணினியைச் சொல்கிறோம். மேலே எழுதிய தகப்பன், மகன் உரையாடல் அந்த வீட்டில் மூன்று மாதமாக நடந்துகொண்டிருந்தது. அவன் தாளில் எழுதிவந்தது இது. கேம் தொடங்கும்போது எஃப்.பி.எஸ். 95. பன்னிரண்டாவது நிமிடத்தில் 45. கார்டின் வெப்பம் 62 பாகை, உழைப்பு 90 சதவீதத்தில் தொடங்கிப் பாதியாக விழுகிறது. புரொசஸர், இன்டெல் ஐ5 10400, தொடக்கத்தில் 4 கிகாஹெர்ட்ஸ், பிறகு 2.4. அதன் வெப்பம் 99, 100 பாகை. அவன் மாற்றக் கேட்டுக்கொண்டிருந்த கார்ட் 62 பாகையில் சுகமாக இருந்தது. காய்ச்சல் புரொசஸருக்கு.

டாஸ்க் மனேஜர் கார்டின் வெப்பத்தைக் காட்டும், புரொசஸரின் வெப்பத்தைக் காட்டாது. அதனால்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச நிரலை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், எல்லா உணரிகளையும் காட்டும். எல்லைக்கு வந்த புரொசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பல இன்டெல் புரொசஸர்களுக்கு அந்த எல்லை 100 பாகை. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பச்சைக் குழந்தையின் நாடி 130 என்றால் நாங்கள் ஓடிப் போவதில்லை, பெரியவருக்கு அதே எண் என்றால் ஓடுவோம். ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் பல புரொசஸர்கள் முழு வேலையில் 95 பாகையைத் தொடும்படியே அமைக்கப்பட்டவை. பார்க்க வேண்டியது வெப்பமும் வேகமும் சேர்ந்து. வெப்பம் எல்லையில், வேகம் கீழே விழுகிறது என்றால் அதுதான் நோய்.

அந்தப் பெட்டியைத் திறந்தோம். கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளி விரித்தாற்போலத் தூசி. நிலவறை, கம்பளம் போட்ட தரை, இரண்டு அடி தள்ளித் துணி உலர்த்தும் இயந்திரம். போதாததற்கு எங்கள் சமையல். தாளித்த எண்ணெயின் ஆவி வீடு முழுக்கப் போகும், தூசியோடு சேர்ந்து விசிறியில் பிசினாக ஒட்டும். இன்னொன்றும் இருந்தது. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரை மதர்போர்ட்டில் பிடிப்பது நான்கு பிளாஸ்டிக் ஆணிகள். அதில் ஒன்று கழன்று, கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. புரொசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் வெப்பப் பசை காய்ந்து தூளாகியிருந்தது. ஒரு டின் அழுத்தக் காற்றும் ஒரு சின்னக் குழாய் பசையும் வாங்கினோம், முப்பது டொலருக்குள். அன்று இரவு ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் 72 பாகை, எஃப்.பி.எஸ். 95. தகப்பன் திரையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், "சாப்பிட வா" என்றார். மூன்று மாதச் சண்டைக்குப் பிறகு அது போதுமானதாக இருந்தது.

துப்புரவு செய்பவர்களுக்கு. மின்சாரத்தை நிறுத்தி, வயரைக் கழற்றி, பெட்டியை வெளியே வராந்தாவுக்கோ கராஜுக்கோ கொண்டு போங்கள். காற்று டின்னை நிமிர்த்திப் பிடியுங்கள், சரித்தால் திரவம் வரும். விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், காற்றில் வேகமாகச் சுழலவிடக் கூடாது. வீட்டு வக்கூமை உள்ளே விடாதீர்கள், அதன் முனையில் நிலைமின்சாரம் உண்டாகும். முன்விசிறி காற்றை உள்ளே இழுக்கவும் பின்விசிறி வெளியே தள்ளவும் வேண்டும். யாராவது திருப்பிப் பூட்டியிருக்கிறார்களா என்று ஒரு மெல்லிய கடதாசியைப் பிடித்துப் பார்க்கலாம். புதிதாகக் கட்டிய கணினி முதல் நாளே கொதித்தால் கூலரின் அடியில் இருக்கும் பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்று பாருங்கள். பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கி நிற்கும். அது தூசியோடேயே இருக்கட்டும், வெளியிலிருந்து ஊதினால் போதும்.

வெப்பம் சரி, ஆனாலும் புரொசஸர் பக்கம்தான் தடை என்றால் ராமைப் பாருங்கள். ஒரே ஒரு தட்டையான ராம் துண்டு மட்டும் செருகியிருந்தால் புரொசஸருக்கு ஒற்றை வழிப்பாதை. இரண்டு துண்டுகள் என்றால் இரட்டைப் பாதை. நான்கு துளைகள் இருக்கும் மதர்போர்ட்டில் இரண்டு துண்டுகளையும் பெரும்பாலும் புரொசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும், கையேட்டில் படம் இருக்கும். 3200 என்று எழுதிய டி.டி.ஆர்.4 ராம், பயோஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பைப் போடும்வரை 2133 அல்லது அதையொத்த வேகத்திலேயே ஓடலாம். வாங்கிய வேகத்தைப் போடாமலே வருடக்கணக்கில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. டாஸ்க் மனேஜரின் மெமரி பக்கத்தில் வேகமும் எத்தனை துளை நிரம்பியிருக்கிறது என்பதும் எழுதியிருக்கும்.

வேகமருந்து வேண்டாம்

இது பெற்றோரும் வாசிக்க வேண்டிய பகுதி. கேம் இழுபடும்போது பிள்ளைகள் முதலில் தேடுவது "எஃப்.பி.எஸ். கூட்டும்" இலவச நிரல். வார்ட்டில் பெயர் எழுதாத போத்தலில் இருந்து யாருக்கும் மருந்து கொடுப்பதில்லை, இதுவும் அதுதான். சில நிரல்கள் ஒன்றும் செய்யாது. சில விண்டோஸின் உள் அமைப்புகளைக் கலைத்துவிடும். சில கடவுச்சொற்களைத் திருடும், அல்லது உங்கள் கார்டையே ஒளிந்திருந்து வேறொருவருக்காகக் காசு சம்பாதிக்க வைக்கும். திருட்டுக் கேம்களோடும் ஏமாற்று நிரல்களோடும் வருபவையும் இவைதான். கேம் ஓடாத நேரத்திலும் கார்ட் 80, 90 சதவீதத்தில் உழைத்துக்கொண்டிருந்தால் உடனே சந்தேகியுங்கள். பல வீடுகளில் பிள்ளை விளையாடும் அதே கணினியில்தான் அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கிறார், அம்மா வரிப் படிவம் நிரப்புகிறார்.

இதே காரணத்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11 இல் மெமரி இன்டெக்ரிற்றி என்ற பாதுகாப்பை நிறுத்தினால் சில கேம்கள் சற்று வேகமாகும் என்று 2022 இல் மைக்ரோசொஃப்டே சொன்னது. உண்மைதான். விளையாட்டுக்கு மட்டும் வைத்திருக்கும் கணினி என்றால் உங்கள் விருப்பம். குடும்பக் கணினியில் நாங்கள் அதைத் தொடமாட்டோம், சில எஃப்.பி.எஸ்.ஸுக்காக வீட்டின் பின்கதவைத் திறந்து வைப்பது தகாது.

செய்யக்கூடியவை எளியவை. பின்னால் ஓடும் பிரவுசர் தாவல்கள், பதிவு செய்யும் நிரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் ஓவர்லேகள் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பாருங்கள். இரண்டு வைரஸ் தடுப்பு நிரல்கள் இருந்தால் ஒன்று போதும். ட்ரைவரை என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் தளங்களிலிருந்து நேராக எடுங்கள். புதிய ட்ரைவர் போட்ட அன்றிலிருந்துதான் பிழை என்றால் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எண்ணை எழுதி, பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஐந்து மருந்தை ஒன்றாகக் கொடுத்தால் எது சுகப்படுத்தியது, எது வாந்தி எடுக்க வைத்தது என்று யாருக்கும் தெரியாது.

இழுபடாமல் கேம் திடீரென மூடிக்கொள்கிறது, புரொசஸர் இன்டெலின் 13 அல்லது 14 ஆம் தலைமுறை டெஸ்க்டொப் வகை என்றால் அது வேறு விடயம். அவற்றில் பலவற்றுக்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலையும் கோளாறு இருப்பதை இன்டெல் 2024 இல் ஒப்புக்கொண்டு திருத்தமும் வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. மதர்போர்ட் நிறுவனத்தின் தளத்தில் புதிய பயோஸ் எடுத்துப் போடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் உத்தரவாதத்தைக் கேளுங்கள், காசு கொடுத்து மாற்ற வேண்டாம்.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

சில வேளைகளில் பிள்ளை சொல்வது சரிதான். அமைப்புகளைக் குறைத்த பிறகும் கார்ட் 98 சதவீதத்தில் நிற்கிறது, வெப்பம் சரி, திரை அளவைக் குறைத்தால் எஃப்.பி.எஸ். ஏறுகிறது என்றால் கார்ட் தன்னால் இயன்றதைச் செய்துவிட்டது. அப்போதும் பவர் சப்ளை தாங்குமா, பெட்டிக்குள் நீளம் போதுமா என்று அளந்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

கேம் இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் முதலில் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். சுழலும் தட்டு விநாடிக்கு நூற்றைம்பது மெகாபைட் கொடுத்தாலே பெரிது. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500க்கு மேல் கொடுக்கும், என்.வி.எம்.ஈ. வகை அதிலும் பல மடங்கு. 2023 இல் வந்த ஸ்டார்ஃபீல்ட் கேம் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்று போட்டது. கார்டின் விலையில் சிறு பகுதிதான், முழுக் குடும்பத்துக்கும் பயன்.

விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது. உங்கள் கணினி விண்டோஸ் 11 க்கு மாற முடியாத அளவு பழையது என்றால் அதற்குள் அறுநூறு டொலர் கார்டைப் போடுவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். அந்தக் காசை அடுத்த கணினிக்குச் சேர்த்து வையுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் விளங்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பிடியுங்கள். தாளில் இவை இருக்கட்டும்: புரொசஸரின் பெயர், கார்டின் பெயர், ராம் எத்தனை துண்டு, கேமின் பெயரும் திரை அளவும், தொடக்கத்திலும் இருபதாவது நிமிடத்திலும் எஃப்.பி.எஸ்., இருவரின் வெப்பம், புரொசஸரின் வேகம், திரை அளவைக் குறைத்தபோது வந்த எண். பெரும்பாலும் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் வரத் தேவையில்லை. கொண்டு வரத்தான் வேண்டும் என்றால் வந்தவுடன் மின்சாரம் கொடுக்காதீர்கள். குளிரில் இருந்து சூடான மண்டபத்துக்குள் வந்த பெட்டிக்குள் நீர்த்துளி படியும். போர்வை சுற்றியபடியே இரண்டு மூன்று மணி நேரம் ஒரு மூலையில் இருக்கட்டும்.